நான்கு இந்துக் கவிதைகள்

பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரீஸ் டெலாஜ் (1879–1961) 1912இல் இந்தியாவில் பயணம் செய்தபோது இயற்றிய பாடல் தொகுதி. பெண்குரலோடு இரண்டு புல்லாங்குழல், ஓபோ, இரண்டு கிளாரினெட், ஹார்ப், இரு வயலின், வியோலா, செல்லோ ஆகியவை இசைக்கும். மதராஸ், லாகூர், காசி, ஜெய்ப்பூர் என ஊர்ப்பெயர்களே பாடல்களின் தலைப்புகள்.  பாரிஸில் 1914 ஜனவரி 14 அன்று அரங்கேறியபோது, டெலாஜின் ஆசான் ரவேலின் புதிய பாடல்களும் ஸ்திராவின்ஸ்கியின் பாடல்களும் அதே மேடையில் பாடப்பட்டன.

மதராஸ், ஜெய்ப்பூர் பாடல்களுக்குச் சமஸ்கிருதக் கவிஞர் பர்த்ருஹரியின் காதல் கவிதைகள் அடிப்படை. காசிப் பாடல் புத்தர் பிறந்த வேளையைச் சொல்கிறது. தொகுதியின் உயிர் லாகூர்ப் பாடலில் இருக்கிறது. அதன் கவிதை இந்தியருடையதே அல்ல. ஜெர்மானியக் கவிஞர் ஹைனேயுடையது. வடக்கே பனி மூடிய குன்றில் தனித்து நிற்கும் ஊசியிலை மரம், தொலைவில் கீழ்த்திசை வெயிலில் வாடும் பனையைக் கனவு காண்கிறது. செல்லோக்காரர் வில்லை விட்டுவிட்டு விரலால் மீட்டி, அந்த நாதம் அடங்குமுன் நரம்பிலேயே விரலை இழுக்கிறார். சிதார் மேதை இம்தாத் கானின் இசைத்தட்டுகளைக் கேட்ட தாக்கம் இது. இறுதியில் சொற்கள் நின்றுவிட, பாடகி வாயை மூடியும் திறந்தும் நெடுநேரம் ஆலாபனை போலப் பாடுகிறார். ஏக்கத்தைச் சொல்ல அதற்குமேல் சொல் தேவைப்படவில்லை.

இந்தப் பயணத்தின் இன்னொரு விளைச்சல் 'ராகமாலிகா'. கோயம்புத்தூர் தாயி (1872–1917) கிராமபோன் தட்டில் பாடிய, வடலூர் இராமலிங்க அடிகளின் அருட்பாவை டெலாஜ் குரலுக்கும் பியானோவுக்குமாக எழுதினார். வரிகள் தமிழிலேயே பாடப்படுகின்றன. பழனிக்குஞ்சரம் என்ற இயற்பெயர் கொண்ட தாயி தேவதாசி மரபில் வந்தவர்; தென்னிந்தியாவில் தட்டுகளில் அதிகம் பாடிய முன்னோடிகளுள் ஒருவர். மெட்டும் ராகங்களின் வரிசையும் அவர் பாட்டிலிருந்து வந்தவை என்பதால், இதைத் தாயியின் ஆக்கமாகவும் கருதுவதே நியாயம். பியானோவின் ஒரு தந்திக்கு அடியில் அட்டைத் துண்டைச் செருகுமாறு டெலாஜ் குறித்திருக்கிறார். அந்தச் சுரம் மட்டும் கார்வை குன்றி, தோல்வாத்தியம் தட்டுவதுபோல் ஒலிக்கும். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் இத்தகைய உத்தியைப் பரப்பியது சுமார் கால் நூற்றாண்டுக்குப் பிறகே.