‘அறியேன்’ என்ற அறிஞர்

மூளையைப் பற்றி இன்று பேசாதவர் இல்லை. படிப்பில் பின்தங்கி ஓவியத்தில் சிறக்கும் பிள்ளையை ‘வலது மூளைக்காரன்’ என்கிறோம். மனிதன் தன் மூளையில் பத்து விழுக்காட்டையே பயன்படுத்துகிறான் என்று மேடைகளில் முழங்குகிறோம். இவை இரண்டுமே அறிவியல் ஏற்காத கூற்றுகள். ஆயினும் மூளையைப் பற்றி உறுதியாகப் பேசும் பழக்கம் நம் காலத்தில் தோன்றியதன்று. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பேரறிஞர்களே அவ்வாறு பேசினர். அவர்கள் நடுவே, ‘எனக்குத் தெரியாது’ என்று வெளிப்படையாகச் சொல்லித் தன் உரையைத் தொடங்கினார் ஓர் இளைஞர். பின்னாளில் கத்தோலிக்க ஆயராகி, 1988இல் அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்ட நீல்ஸ் ஸ்டென்சன் அவர். இலத்தீன் வடிவில் ஸ்டேனோ என்று உலகம் அவரை அறியும்.

1638இல் கோபன்ஹேகன் நகரில் ஒரு பொற்கொல்லரின் மகனாக, லூத்தரன் குடும்பத்தில் பிறந்தார். மருத்துவம் பயிலச் சென்ற இடத்தில், 1660இல், ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆட்டின் தலையை அறுத்து ஆராய்ந்துகொண்டிருந்தபோது, கன்னத்துச் சுரப்பியிலிருந்து வாய்க்குள் உமிழ்நீரைக் கொண்டுசெல்லும் குழாயைக் கண்டறிந்தார். அது இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. இதயம் உடற்சூட்டின் ஊற்று என்றும் உயிரின் அரியணை என்றும் பலர் போற்றிய காலத்தில், அதுவும் ஒரு தசையே என்று காட்டினார். ஏட்டில் உள்ளதை நம்புவதற்குமுன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே அவருடைய வழி.

அந்த வழியோடு அவர் பாரீஸ் சென்று சேர்ந்தார். தெவெனோ என்ற அறிஞரைச் சூழ்ந்திருந்த நண்பர் குழுவின் முன்னிலையில், 1665இல், மூளையின் உடற்கூறு குறித்து உரையாற்றினார். அப்போது அவருக்கு வயது 27. அங்கே செல்வாக்குப் பெற்றிருந்தது தெக்கார்த்தின் கருத்து. 1650இல் மறைந்த அந்த மெய்யியலாளரின் ‘மனிதன்’ பற்றிய நூல் 1662இல்தான் அச்சேறியிருந்தது. மூளையின் நடுவே உள்ள பீனியல் என்னும் சிறு சுரப்பியே ஆன்மாவின் இருப்பிடம், அது இப்புறமும் அப்புறமும் சாய்ந்து உடலை இயக்குகிறது என்பது அவர் கொள்கை. இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸோ, 1664இல் வெளியிட்ட பெருநூலில், கற்பனைக்கு ஓர் இடம், நினைவுக்கு ஓர் இடம் என மூளையைப் பங்கிட்டிருந்தார்.

மூளையைப் பற்றித் தமக்கு ஒன்றும் தெரியாது என்ற ஒப்புதலோடு ஸ்டேனோ தொடங்கினார். அவையடக்கமாகச் சொல்லப்பட்ட சொல் அன்று அது. தெரியும் என்போருக்கும் எவ்வளவு தெரியும் என்பதை அடுத்து அவர் ஆராய்ந்தார். பீனியல் சுரப்பி சுற்றியுள்ள பகுதிகளோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அது தெக்கார்த் கூறியவாறு அசைந்து சாய இயலாது என்று எடுத்துக்காட்டினார். ஆயினும் அவரை இகழவில்லை. தெக்கார்த் விளக்கியது உண்மை மனிதனை அன்று, மனிதனைப் போல் இயங்கக்கூடிய ஒரு பொறியை என்று மதிப்போடு வேறுபடுத்தினார். வில்லிஸின் பங்கீட்டுக்கும் சான்று இல்லை என்றார்.

மறுப்போடு அவர் நின்றிருந்தால் அந்த உரையை இன்று யாரும் நினைவுகூர மாட்டார்கள். மூளையின் வெண்பகுதி மெழுகைப் போல் ஒருபடித்தான பொருள் அன்று. அதில் நுண்ணிய இழைகள் ஓர் ஒழுங்கோடு அமைந்துள்ளன. நம் உணர்வுகளும் அசைவுகளும் அந்த அமைப்பைச் சார்ந்தவை. ஆகவே ஒவ்வோர் இழையையும் அதன் வழியே தொடர்ந்து சென்று பார்க்க வேண்டும் என்று வழிகாட்டினார். உரை 1669இல் அச்சாயிற்று. அவர் சுட்டிய பாதையில் நடக்கக் கருவிகள் வர இரு நூற்றாண்டுகள் ஆயின. 1873இல் இத்தாலியின் கொல்ஜி, வெள்ளி உப்பால் நரம்பணுக்களைக் கறுப்பாக்கிக் காணும் முறையை வெளியிட்டார். ஸ்பெயினின் கஹால் அம்முறையைச் செம்மைப்படுத்தி, நரம்பணுக்களை ஒவ்வொன்றாக வரைந்தார். இருவரும் 1906இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பீனியல் சுரப்பியின் உண்மைப் பணியும் மெல்லத் தெரிந்தது. உறக்க ஒழுங்கில் பங்குகொள்ளும் மெலடோனின் அதிலிருந்து சுரப்பதாக 1958இல் கண்டறிந்தனர்.

அறிவியலாளர்களுக்கும் இந்தப் பாடம் முடிந்துவிடவில்லை. மனித மூளையில் 10,000 கோடி நரம்பணுக்கள் உண்டு என்று பாடநூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. 2009இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் புதிய முறையில் கணக்கிட்டு, ஏறத்தாழ 8,600 கோடி என்று அறிவித்தனர். எல்லாரும் எழுதிய எண்ணை முறையாக எண்ணிப் பார்க்க அத்தனை காலம் ஆயிற்று!

ஸ்டேனோ 1667இல் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார், 1675இல் குருவானார். 1677இல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டு, வட ஜெர்மனியில் சிதறிக்கிடந்த சிறு மந்தைகளுக்கு மேய்ப்பரானார். வறியவரோடு வறியவராய் வாழ்ந்து, 1686இல் 48ஆம் வயதில் ஷ்வெரின் நகரில் உயிர்நீத்தார். ஆய்வுக்கூடத்தை விட்டு ஆன்மப் பணிக்கு வந்த அவர், ஆன்மாவின் இருப்பிடத்தை மூளைக்குள் காட்டித் தம் விசுவாசத்தை மெய்ப்பிக்க முயலவில்லை என்பதை நாம் ஊன்றி எண்ண வேண்டும்.

ஏனெனில் ‘தெரியும்’ என்ற சொல் நம் வீடுகளில் காயப்படுத்துகிறது. 2010க்குப் பிந்தைய ஆண்டுகளில் நம் நாட்டின் பல நகரங்களில் ‘மிட்பிரெயின் ஆக்டிவேஷன்’ என்ற பெயரில் பயிற்சிகள் பரவின. நடுமூளையைத் தூண்டினால் பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டே படிக்கும் என்றனர். பெற்றோர் ஆயிரக்கணக்கில் பணம் கட்டினர். மூக்கோரத்து இடைவெளி வழியே பார்த்து வாசித்த பிள்ளை, தன்னை வியந்து நிற்கும் பெற்றோரிடம் உண்மையைச் சொல்ல அஞ்சியது. பணம் போனது சிறிய இழப்பு. பொய்யைக் காக்கும் சுமை குழந்தையின் தோளில் ஏறியதே பெரிய இழப்பு.

அதற்கு நாமும் விலக்கல்ல. எழுத்துகள் இடம்மாறித் தெரியும் சிறுவனைச் சோம்பேறி என்கிறோம். மனச்சோர்வில் வாடும் பெண்ணிடம், ‘உனக்கு விசுவாசம் குறைவு, நன்றாகச் செபி’ என்கிறோம். நன்மை செய்யும் எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் அவளுக்குள் நடப்பது நமக்குத் தெரியாது. செபம் அவளுக்கு வேண்டும்; மருத்துவரும் வேண்டும்; தீர்ப்பிடாமல் கேட்கும் ஒரு செவியும் வேண்டும்.

‘அறியேன்’ என்ற ஒப்புதலால் ஸ்டேனோ கத்தியைக் கீழே வைத்துவிடவில்லை. இன்னும் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார். அடுத்த முறை ஒரு தாய் தன் பிள்ளையைக் கைபிடித்து அழைத்துவந்து, ‘இவன் ஏன் இப்படி இருக்கிறான்?’ என்று கேட்கும்போது, ஆசிரியராயினும் குருவாயினும் நாமும் அவ்வாறே தொடங்கலாம்: “எனக்குத் தெரியவில்லை அம்மா. உட்காருங்கள், சேர்ந்து பார்ப்போம்.”