சிலோன் என்ற பெயருடன் ஒரு பாடகர்

பிரிட்டிஷ் ஆட்சியில் கண்டி மாநகரின் துப்புரவுக்கென்று தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் வழித்தோன்றல்கள் வாழும் மஹய்யாவவில், கலியாண வீடுகளில் 'சுராங்கனி' ஒலிக்கக் கேட்டிருக்கிறோம். அதைத் தமிழர் நாவில் ஏற்றிய ஏ. ஈ. மனோகரனைப் பற்றி நமது இசை வரலாறுகள் வாய் திறப்பதில்லை.

அப்பாட்டின் வேர் சிங்களப் பைலா. போர்த்துக்கேயரின் ஆடற்பாட்டும், அவர்கள் அடிமைகளாய்க் கொணர்ந்த ஆபிரிக்கரின் தாளமும் இலங்கைக் கரையில் கலந்து பிறந்த இசை அது. பொலிஸ்காரரான வொலி பஸ்தியன் 1940களில் அதைச் சிங்கள மக்களிடையே பரப்பினார். பாமர இசையென்று மேன்மக்கள் ஒதுக்கியதே அதன் பெருமை!

நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' தமிழ்ப் பொப்பிசைக்கு வழி திறந்தது. அவ்வழியில் வந்த மனோகரன் பைலாவின் துள்ளலைத் தமிழாக்கினார். கர்நாடக இசையே இசையென்றிருந்த பெரியோர் முகஞ்சுளித்தனர். தோட்டத்துத் தப்பொலியையும் அவர்கள் இசையென்று மதித்தவர்களல்லர்.

1956இன் தனிச்சிங்களச் சட்டம் மொழிகளைப் பகையாக்கிய நாட்டில், ஒரே மெட்டுக்கு இரு மொழி இளைஞரும் ஆடினர். 1977இல் இளையராஜா 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் அம்மெட்டைக் கையாள, அது பாக்கு நீரிணையைக் கடந்தது. 1978இல் ஈழத்து 'வாடைக்காற்று' படத்தில் நடித்த மனோகரன், தமிழகத் திரையில் பெரும்பாலும் வில்லனாகவே தோன்றினார். அங்கே அவர் 'சிலோன் மனோகர்'. சிலோன் என்ற பெயரை நாடு 1972இலேயே கைவிட்டிருந்தது.

1983இன் தீயில் தமிழர் வீடுகள் எரிந்தன, பாட்டு எரியவில்லை. 2018 ஜனவரி 22ஆம் நாள் மனோகரன் சென்னையில் மறைந்தார்.