பழைய புல்லட்டுக்குப் பின் ஷாக்: மலிவு விலைக்குப் பின்னால் ஒரு வரலாறு

போடிநாயக்கனூரை ஒட்டிய சிலமலை போன்ற ஊர்களில் பழைய புல்லட் வைத்திருப்பவரிடம் பேச்சுக் கொடுத்தால், முதலில் எஞ்சினைப் பற்றித்தான் பெருமையாகச் சொல்வார். பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் நிற்கிற ஷாக் அப்சார்பரின் நினைப்பு, அது எண்ணெய் ஒழுக ஆரம்பித்த பிறகுதான் வரும். வந்ததும் ஒரே கேள்விதான்: குறைந்த விலையில் நல்ல ஷாக் எது?

இதற்குப் பதில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் மட்டும் இல்லை, வரலாற்றிலும் இருக்கிறது. 1955-ல் சென்னையில் எடுத்த ஒரு முடிவு, 1961-ல் பம்பாயில் தொடங்கிய ஒரு நிறுவனம், 1991-ல் டெல்லியில் வந்த ஒரு மாற்றம்... இந்த மூன்றும் சேர்ந்துதான் இன்று கடைக்காரர் மேசை மேல் எடுத்து வைக்கும் அட்டைப் பெட்டிகளின் விலையைத் தீர்மானித்திருக்கின்றன.

ஷாக் இல்லாத காலம்

ஆரம்பகால மோட்டார் சைக்கிள் என்பது ஏறக்குறைய எஞ்சின் பூட்டிய சைக்கிள்தான். பின் சக்கரத்தை நேராகச் சட்டத்திலேயே முடுக்கிவிடுவார்கள். பள்ளத்தில் விழுந்தால் அடி முழுவதும் முதுகெலும்புக்குத்தான்! சீட்டுக்கு அடியில் இருந்த இரண்டு ஸ்பிரிங் மட்டுமே ஆறுதல்.

அமெரிக்காவில் 'இந்தியன்' என்ற பெயரில் ஒரு மோட்டார் சைக்கிள் கம்பெனி இருந்தது (பெயருக்கும் நம் நாட்டுக்கும் சம்பந்தம் இல்லை). அது 1913-லேயே பின் சக்கரத்துக்குப் பட்டை ஸ்பிரிங் வைத்துப் பார்த்தது. ஆனாலும் பின் சஸ்பென்ஷன் எல்லா வண்டிகளுக்கும் வந்து சேர இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

ஸ்பிரிங் மட்டும் போதாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஊஞ்சலை ஒரு தள்ளு தள்ளிவிட்டால் அது உடனே நிற்பதில்லை, ஆடிக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங்கும் அப்படித்தான். ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் நாலைந்து முறை குதிக்கும். அந்தக் குதிப்பை அடக்குவதுதான் ஷாக்கின் உள்ளே இருக்கும் எண்ணெயின் வேலை. ஒரு பிஸ்டன் சிறு துளைகள் வழியாக எண்ணெயைத் தள்ளிக்கொண்டு மேலும் கீழும் போகும். ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறிவிடும். சுருக்கமாக, பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஆட்டத்தை நிறுத்துவது எண்ணெய். இந்த வித்தியாசம் கட்டுரையின் கடைசியில் மறுபடியும் தேவைப்படும்.

ரெட்டிச்சில் பிறந்தது

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்ட் 1948-ல் ஒரு புதிய 350 சிசி புல்லட்டை வெளியில் காட்டியது. பின் சக்கரம் ஒரு கீலில் மேலும் கீழும் அசையும். இரண்டு பக்கமும் எண்ணெய் ஷாக். அந்தக் காலத்தில் பலருக்கு இதில் நம்பிக்கை இல்லை. பின்புறம் அசைந்தால் வண்டி நேராக ஓடுமா என்பது அவர்கள் சந்தேகம். அதே ஆண்டு இத்தாலியில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் வென்ற பிரிட்டிஷ் அணியில் புல்லட்டும் ஓடித் தங்கப் பதக்கம் வாங்கியது. 1949-ல் வண்டி விற்பனைக்கு வந்தது.

திருவொற்றியூரில் நின்றுபோன கடிகாரம்

1950களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் புல்லட்டுகளை வாங்க ஆரம்பித்தது. அதைத் தொடர்ந்து 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து 'என்ஃபீல்ட் இந்தியா'வைத் தொடங்கின. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்கள் வந்து இங்கே பூட்டப்பட்டன. பிறகு படிப்படியாகப் பாகங்களையும் இங்கேயே செய்தார்கள்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். இங்கிலாந்தில் புல்லட்டின் வடிவம் 1956-லிருந்து மாறிக்கொண்டே போனது. திருவொற்றியூரிலோ 1955-ம் ஆண்டு வடிவமே தொடர்ந்தது. 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் தயாரிப்பே நின்றுவிட்டது. பிள்ளை மட்டும் சென்னையில் பிழைத்துக்கொண்டது! 1977-ல் அதே புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது வேடிக்கையான உண்மை.

'மாறாத பழைய டிசைன்' என்று பலர் இதைக் கேலி செய்ததுண்டு. ஆனால் உதிரி பாகம் வாங்குபவருக்கு அதுதான் வரம். பொருளியலில் கூட்டுத் தேவை என்று ஒன்று உண்டு. பேனா இருந்தால்தான் மைக்குத் தேவை. ஒரே வடிவ வண்டி வருடக்கணக்கில் ஓடினால் அதன் ஷாக்குக்கும் வருடக்கணக்கில் தேவை இருக்கும். அச்சுக்கும் கருவிக்கும் ஒரு முறை போட்ட முதலைப் பல ஆயிரம் ஷாக்குகளின் மேல் பிரித்துவிடலாம். ஒன்றின் அடக்கவிலை இறங்கிவிடும்.

அப்படிச் செய்து கொடுக்க உள்நாட்டில் ஆளும் வந்தது. 1961-ல் பம்பாயில் கேப்ரியல் இந்தியா தொடங்கியது. அமெரிக்க கேப்ரியல் கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு ஷாக் அப்சார்பரை இந்தியாவிலேயே செய்த முன்னோடி நிறுவனம் அது.

இதே காலத்து வேறொரு வண்டியோடு ஒப்பிட்டால் புல்லட்டின் அதிர்ஷ்டம் புரியும். மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி ஜாவாவையும் பிறகு யெஸ்டியையும் செய்தது. 1996-ல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. அதன்பின் பழைய யெஸ்டிக்காரர் பாகத்துக்காகப் பழைய இருப்பையும் சிறு தயாரிப்பாளர்களையும் தேட வேண்டியதாயிற்று. வண்டி நல்ல வண்டிதான். ஆனால் தாய்க் கம்பெனி போனால் உதிரி பாகம் அநாதை.

பூட்டிய சந்தையும் பட்டறையும்

1991 வரை இறக்குமதிக்கு லைசென்ஸ், பெர்மிட் என்று ஆயிரம் பூட்டுகள். வெளிநாட்டு ஷாக் வாங்கி மாட்டுவது சாதாரண ஆளால் ஆகிற காரியமா? ஆகவே மலிவு என்றால் அந்தக் காலத்தில் புதிதாக வாங்குவது அல்ல, பழுது பார்ப்பது. ஷாக்கைக் கழற்றி, தேய்ந்த கம்பியைக் கடைசலில் கொடுத்துச் சரிசெய்து, ஆயில் சீல் மாற்றி, புது எண்ணெய் ஊற்றி மூடுவார்கள். பொருளின் விலை அதிகம், கூலி குறைவு. எனவே பட்டறை பிழைத்தது.

போடிப் பக்கம் இதன் அருமை நன்றாகவே தெரியும். போடி முந்தலிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியிலிருந்து சுமார் ஆயிரம் மீட்டர் மேலே போக வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கியின் ஏலத்தோட்டங்கள். ஏலக்காய் வியாபாரத்துக்குப் பெயர் பெற்ற போடிக்கு 1928-லேயே மதுரையிலிருந்து ரயில் வந்துவிட்டது. அகலப்பாதை வேலைக்காக 2010-ல் நின்ற ரயில் 2023-ல்தான் திரும்பி வந்தது. ஆனால் ரயில் இருந்தபோதும் இல்லாதபோதும் மலை ஏறியது ரோட்டு வண்டிகள்தான். ஜீப்புக்கு அடுத்தபடி மோட்டார் சைக்கிள். பின்னால் ஓர் ஆள், அல்லது ஒரு மூட்டை, சில நேரம் இரண்டும்!

இறக்கத்தில்தான் ஷாக்கின் உண்மையான சோதனை. பிரேக் பிடித்தால் பாரம் முன்னால் சாய்ந்து பின் சக்கரம் லேசாகிவிடும். அந்த நேரத்தில் எண்ணெய் போன ஷாக் சக்கரத்தைத் தரையோடு ஒட்டி வைக்காது. சக்கரம் துள்ளும். துள்ளுகிற சக்கரத்தில் பிரேக் பிடித்து என்ன பயன்? எதிரே லாரி வரும் வளைவில் இது முதுகுவலிப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை.

திறந்த சந்தையும் மூடிய ஷாக்கும்

1980களின் நடுவில் ஜப்பானிய கூட்டு வண்டிகள் வந்தன. ஓசூரில் இண்ட்-சுசுகி, வடக்கே ஹீரோ ஹோண்டா. கூடவே ஜப்பானிய ஷோவாவின் தொழில்நுட்பத்தோடு முஞ்சால் ஷோவா போன்ற ஷாக் கம்பெனிகளும் வந்தன. 1991-க்குப் பிறகு சந்தை திறந்துகொண்டது. 1994-ல் என்ஃபீல்ட் இந்தியா ஐஷர் கைக்குப் போனது. 2009-ல் வந்த கிளாசிக் 500-ல் கேஸ் நிரப்பிய ஷாக் இருந்தது. எண்ணெய் சூடாகி நுரைத்துப் போவதை இந்த கேஸ் குறைக்கும். 2023-ல் புல்லட்டே முற்றிலும் புதிய சட்டத்துக்கு மாறிவிட்டது.

விலை இறங்கியது, வகை பெருகியது. ஆனால் ஒன்று போய்விட்டது. புதிய ஷாக்குகளில் பெரும்பாலானவை மூடி அடைத்தவை. திறந்து சீல் மாற்ற முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். அன்று கூலி மலிவு, பொருள் விலை அதிகம். இன்று பொருள் மலிவு, கூலி அதிகம். பட்டறையில் இருந்த மலிவு கடைக்கு இடம் மாறிவிட்டது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலிருந்து டெல்லி கரோல் பாக் வரை கடைகள் இருக்கின்றன. நல்லதும் இருக்கும், நல்லதைப் போன்ற போலியும் இருக்கும்.

சரி, எதை வாங்குவது?

இந்த வரலாறே சில விடைகளைக் கொடுக்கிறது.

முதலாவது, வண்டியின் ஆண்டு. 'புல்லட்டுக்கு ஷாக்' என்று மட்டும் கேட்பது இப்போது போதாது. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் வண்டியா, பின்னால் வந்ததா என்று சொல்ல வேண்டும். பழைய ஷாக்கையே கழற்றிக் கையோடு கொண்டுபோவது இன்னும் நல்லது. மேல் கண்ணிலிருந்து கீழ் கண் வரை நீளமும், புஷ்ஷின் துளையும் அகலமும் ஒத்துப்போக வேண்டும். நீளம் மாறினால் செயின் தொய்வும் ஸ்டாண்டு நிற்கும் சாய்வும் வளைவில் வண்டி திரும்பும் விதமும் மாறிவிடும்.

இரண்டாவது, ஸ்பிரிங்கின் கடினத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. மலிவு ஷாக் செய்பவர்கள் தடித்த ஸ்பிரிங் போட்டுவிட்டு எண்ணெய் அடக்கத்தில் மிச்சம் பிடிக்கலாம். 'கல்லு மாதிரி இருக்கு, நல்லா தாங்கும்' என்று தோன்றும். தாங்கும்தான், ஆனால் ஆட்டத்தை நிறுத்தாது. மாட்டிய பிறகு பின் சீட்டை அமுக்கி விட்டுப் பாருங்கள். ஒரே மூச்சில் எழுந்து அடங்கினால் நல்லது. எகிறி எகிறி ஆடினால் அது வெறும் ஸ்பிரிங்.

மூன்றாவது, ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் ஸ்விங் ஆர்ம் ஒரு பக்கமாக முறுக்கும்.

நான்காவது, கணக்கு. எடுத்துக்காட்டுக்கு 1,200 ரூபாய் ஜோடி ஓர் ஆண்டு வருகிறது, 3,000 ரூபாய் ஜோடி நான்கு ஆண்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாட்டும் கூலி ஒவ்வொரு முறையும் 200. முதலாவதற்கு ஆண்டுக்கு 1,400 ரூபாய். இரண்டாவதற்கு 3,200-ஐ நான்கால் வகுத்தால் ஆண்டுக்கு 800. கடையில் மலிவாகத் தெரிந்தது வீட்டில் விலை கூடிவிட்டது.

இதற்காக விலை அதிகமான எதுவும் நல்லது என்று ஆகிவிடாது. பழைய புல்லட்டுக்குக் கட்டுப்படியான விலையில் தரமான உள்நாட்டு ஷாக் கிடைக்கக் காரணம், அரை நூற்றாண்டுக்கும் மேலாக அதே வடிவத்தில் வண்டி செய்த ஒரு தொழிற்சாலையும், அதை நம்பி முதல் போட்ட உதிரி பாகத் தொழிலும்தான். அந்த வரலாறு கொடுத்த மலிவை வாங்கிக்கொள்ளலாம். போலி கொடுக்கும் மலிவைத்தான் விட்டுவிட வேண்டும்.

கடையில் நிற்கும்போது பெட்டியில் ஒட்டியிருக்கும் விலையை மட்டும் பார்க்காமல், போடிமெட்டு இறக்கத்தையும் பின் சீட்டில் உட்காரப் போகிறவரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டால் போதும். எந்தப் பெட்டியை எடுப்பது என்பது தானாகவே தெரிந்துவிடும்.