திரையைத் துடைத்த குண்டு

கைபேசியில் விமானச் சண்டை ஆடிப் பார்க்காதவர்கள் குறைவு. திரையின் கீழே நம் விமானம், மேலிருந்து அலையலையாக இறங்கும் எதிரிகள். நாலாபுறமும் சூழ்ந்துவிட்டார்கள், இனித் தப்ப வழியில்லை என்னும்போது ஓரத்திலிருக்கும் பொத்தானை அழுத்துகிறோம். ஒரு பெரிய வெடிப்பு. திரை துடைத்துவிட்டதுபோல் ஆகிறது, நமக்கும் மூச்சு திரும்புகிறது. அந்தப் பொத்தானுக்கு வாழ்வு கொடுத்த பட்டறை ஒன்று டோக்கியோவில் இருந்தது. பெயர் டோவாப்ளான். 1984இல் ஆட்டம் செய்யப் புறப்பட்டு, 1994இல் திவாலாகி மூடப்பட்டது. பத்தே ஆண்டுகள்.

அந்தக் குண்டு அவர்களுடைய கண்டுபிடிப்பு அல்ல. 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் தோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கடல் தாண்டிப் போய் அமெரிக்கர்களையும் ஆட்டம் செய்ய உட்காரவைத்தது. அப்படிப் பிறந்தவற்றில் ஒன்று, சிகாகோவின் வில்லியம்ஸ் நிறுவனம் 1981இல் வெளியிட்ட டிஃபெண்டர். திரையில் உள்ள எதிரிகளை ஒரே அடியில் தீர்த்துக்கட்டும் ‘ஸ்மார்ட் பாம்’ அதில்தான் வந்தது. ஜப்பானிலிருந்து போன ஆசை, குண்டைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பியது.

அப்போது டோக்கியோவில் ஆட்டம் செய்யும் சின்ன நிறுவனங்கள் மழைக்காலக் காளான்களாக முளைத்து, அதே வேகத்தில் மறைந்துகொண்டிருந்தன. ஆர்கா என்றொரு நிறுவனம் விழுந்தது. அங்கிருந்தவர்களில் சிலர் க்ரக்ஸ் என்ற இடத்தில் சேர்ந்து, 1984இல் கைரோடைன் என்ற ஹெலிகாப்டர் ஆட்டத்தைச் செய்தார்கள். க்ரக்ஸும் நிலைக்கவில்லை. இரண்டு முறை படகு கவிழ்ந்து கரை ஏறியவர்கள்தான் டோவாப்ளானில் வந்து உட்கார்ந்தார்கள். தட்சுயா உயெமுராவும் மசஹிரோ யுகேவும் நிரலும் எழுதுவார்கள், இசையும் அமைப்பார்கள். ஆள் குறைவான பட்டறையில் ஒருவருக்கு ஒரு வேலை என்று பிரித்துக்கொள்ள முடியாது. அந்த ஆட்டங்களின் இசையை இன்றும் தேடிக் கேட்கிறவர்கள் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எந்த இடத்தில் நெஞ்சு படபடக்க வேண்டும் என்பது, அந்த இடத்தைச் செய்தவனுக்குத் தெரிந்திருக்கும் அல்லவா?

1985இல் டைகர் ஹெலி வந்தது. ஹெலிகாப்டரை உற்றுப் பார்த்தால், உடலின் இரு பக்கமும் ஒவ்வொரு குண்டு தொங்குவது தெரியும். கணக்குப் பட்டியலில் எண்ணாக இல்லாமல், கண்ணெதிரே பொருளாகவே இருக்கும். பொத்தானை அழுத்தினால் ஒன்று வெடித்துச் சுற்றிலும் உள்ள எதிரிகளையும் தோட்டாக்களையும் அழிக்கும். எதிரியின் தோட்டா தவறிப்போய் அந்தக் குண்டின் மேல் பட்டாலும் அது தானே வெடித்து நம்மைக் காப்பாற்றிவிடும். டிஃபெண்டரில் குண்டு ஓர் ஆயுதம். இங்கே அது ஆபத்துக்கு உதவும் கூட்டாளி. 1988இல் வந்த தட்சுஜின் ஆட்டத்தில் அதே குண்டு, திரையை அடைத்துக்கொண்டு எழும் பிரம்மாண்டமான மண்டையோடாக மாறியது. பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

ஆட்டம் செய்யத் தெரிந்தவர்களுக்கு உலகமெங்கும் விற்கும் வசதி இல்லை. ஜப்பானில் காசு போட்டு ஆடும் கேம் சென்டர்களுக்கு இவர்களுடைய ஆட்டங்கள் ஓடும் மின்சுற்று போர்டுகளைப் பெரும்பாலும் டைட்டோ கொண்டுசேர்த்தது. அமெரிக்காவில் ரோம்ஸ்டார் நிறுவனம் சில ஆட்டங்களை எடுத்துக்கொண்டது. வியாபாரிகள் கைமாறும்போதெல்லாம் பெயரும் மாறியது. கைதேர்ந்தவன் என்று பொருள்படும் தட்சுஜின், மேற்கே போய் ட்ரக்ஸ்டன் ஆனது. பறக்கும் சுறா என்ற ஆட்டம், அமெரிக்காவில் ஸ்கை ஷார்க் ஆனது. 1989இல் வந்த ஒன்றின் ஜப்பானியப் பெயர் ‘சமே! சமே! சமே!’. சுறா, சுறா, சுறா என்று மூன்று முறை கூவுவது. ரோமன் எழுத்தில் எழுதினால் ஆங்கிலம் தெரிந்தவர் ‘சேம், சேம், சேம்’ என்றுதான் படிப்பார். வெளிநாட்டில் அது ஃபயர் ஷார்க் என்று ஆனது நல்லதுதான்.

போலிகளின் கதைக்கு ஸ்னோ பிரதர்ஸ் போதும். டைட்டோ 1986இல் பபிள் பாபிள் வெளியிட்டிருந்தது. இரண்டு குட்டி டைனோசர்கள் குமிழி ஊதி எதிரியை உள்ளே அடைக்கும். 1990இல் டோவாப்ளானின் நிக், டாம் என்ற இரு பனிப் பையன்கள் எதிரியின் மேல் பனியை வீசி உருண்டையாக்கி, மேல்தளத்திலிருந்து உருட்டிவிட்டார்கள். வழியில் நின்ற மற்ற எதிரிகளையும் அள்ளிக்கொண்டு உருண்டை கீழே வரும். தங்கள் சரக்கை விற்றுத் தந்த டைட்டோவின் யோசனையையே எடுத்து வளர்த்திருந்தார்கள். உருண்டை உருளும் அந்தச் சுகம் மட்டும் முழுக்க இவர்களுடையது. பிறகு இவர்களுடைய முறை வந்தது. விண்டர் பாபிள் என்றொரு போலி சந்தைக்கு வந்தது. இரண்டு ஆட்டங்களுக்கும் பட்ட கடனைத் தன் பெயரிலேயே ஒப்புக்கொண்ட போலி. கொரியாவின் சின்ன நிறுவனங்கள் இன்னும் ஆழமாகப் போய், ஸ்னோ பிரதர்ஸ் ஓடிய போர்டின் அமைப்பையே அடிப்படையாக வைத்துத் தங்கள் சொந்த ஆட்டங்களைச் செய்தன. செமிகாம் நிறுவனத்தின் ஹைப்பர் பேக்மேன் அப்படி ஓடியதுதான்.

இதற்கு நடுவே ஒரு விபத்து. 1989இல் வந்த ஜீரோ விங் ஆட்டத்தை வீட்டில் ஆடும் மெகா டிரைவ் கருவிக்கு மாற்றியபோது, தொடக்கத்தில் ஒரு கதைக்காட்சியைச் சேர்த்தார்கள். கி.பி. 2101. விண்கப்பலில் வெடி. பெரிய திரையில் கேட்ஸ் என்ற வில்லன் தோன்றி, உங்கள் தளங்கள் எல்லாம் எங்கள் வசம் என்று அறிவிக்கிறான். ஜப்பானிய மொழியில் அது மிடுக்கான வசனம். ஐரோப்பியப் பதிப்புக்கான ஆங்கிலத்தை, வெளிநாட்டு வியாபாரத்தைக் கவனித்த ஊழியரே எழுதினார். ‘ஆல் யுவர் பேஸ் ஆர் பிலாங் டு அஸ்’ என்று இலக்கணம் கால் இடறி விழுந்தது. யாரோ குண்டு வைத்துவிட்டார்கள் என்ற வரியும் அதேபோல் குப்புற விழுந்தது. அப்போது அதைக் கண்டுகொண்டவர்கள் சிலர்தான். நிறுவனம் மூடிச் சில ஆண்டுகளுக்குப் பிறகு இணையத்தில் யாரோ அதைத் தோண்டி எடுக்க, 2001இல் பாட்டும் படமுமாக உலகம் சுற்றியது. 2006இல் யூடியூப் தன் பராமரிப்பு நேர அறிவிப்பாகவே அந்த வரியைத் திருப்பிப் போட்டது. டோவாப்ளானின் ஆட்டங்களில் ஒன்றைக்கூடத் தொடாதவர்களுக்கும் அந்த வரி தெரியும்.

வீழ்ச்சியை விரைவாகச் சொல்லிவிடலாம். 1991இல் கேப்காமின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தது. எதிரெதிரே நிற்கும் இருவர், ஆளுக்கொரு காசு, சில நிமிடங்களில் ஒருவர் தோற்று எழுந்து மறுபடியும் காசு போடுவார். கடைக்காரருக்கு வேறென்ன வேண்டும்? விமான ஆட்டத்தில் கைதேர்ந்தவரோ ஒரே காசில் இயந்திரத்தை அரைமணி நேரம் பிடித்துக்கொள்வார். அவரைத் தோற்கடிக்க ஆட்டத்தைக் கடினமாக்கினார்கள். அவர் நின்றார், புதிதாக வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். தன்னை அதிகம் நேசித்தவர்களுக்காகவே மேலும் மேலும் ஆட்டத்தைச் செதுக்கி, அதனாலேயே அந்த நிறுவனம் மெலிந்தது என்பது எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம்.

1993இல் வந்த பட்சுகுன்தான் அவர்களுடைய கடைசி விமான ஆட்டம். தோட்டாக்கள் ஒன்றிரண்டாகப் பாய்ந்து வராமல், கொத்துக் கொத்தாக விரிந்து மெதுவாக இறங்கின. பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் நெருங்கிப் போனால் இடையே இடைவெளி தெரியும். அதன் சிறப்புப் பதிப்பில் நம் விமானத்தில் அடிபடும் பகுதியையும் மிகவும் சுருக்கியிருந்தார்கள். இறக்கையை உரசிப் போகும் தோட்டா நம்மைக் கொல்லாது. அடுத்த ஆண்டு மார்ச்சில் கதவு மூடியது.

ஆட்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். சுனேகி இகேடா உள்ளிட்டவர்கள் கேவ் நிறுவனத்தில் 1995இல் டோன்பாச்சியையும் 1997இல் டோடோன்பாச்சியையும் செய்தார்கள். வேறு சிலர் கஸல், டகுமி என்ற நிறுவனங்களுக்குப் பிரிந்து போனார்கள். கம்பைல் நிறுவனத்திலிருந்து வந்தவர்கள் தொடங்கிய ரெய்சிங், டோவாப்ளான் வழிவந்த போர்டிலேயே தன் ஆட்டங்களை ஓட்டியது. 2017இல் யுகே தொடங்கிய நிறுவனத்துக்குத் தட்சுஜின் என்றே பெயர். பழைய ஆட்டங்களில் பெரும்பாலானவற்றின் உரிமை அங்கே போனது. 2022இல் அதை ஸ்வீடனின் எம்பிரேசர் குழுமம் வாங்கிவிட்டது.

பட்சுகுன் தொடங்கிவைத்த பாணிக்கு ஜப்பானில் டான்மாகு என்று பெயர் ஒட்டிக்கொண்டது. பீரங்கிப் படையினரின் சொல் அது. குண்டுகளால் ஆன திரைச்சீலை என்று பொருள். ஸூன் என்ற பெயரில் ஒரே மனிதர் உருவாக்கிவரும் தோஹோ வரிசை அந்தச் சீலையைக் கோலம்போல் அழகாக்கியது. அதை ரசித்து வளர்ந்த அமெரிக்கர் டோபி ஃபாக்ஸ், 2015இல் தன் அண்டர்டேல் ஆட்டத்தில் ஒரு சின்னச் சிவப்பு இதயத்தைத் தோட்டாக்களுக்கு நடுவே ஓடவிட்டார்.

சொல்லோ ஆட்டத்தையும் தாண்டிப் போய்விட்டது. 2006 டிசம்பரில் ஜப்பானில் நிகோநிகோ என்ற காணொளித் தளம் வந்தது. பார்ப்பவர்கள் எழுதும் கருத்துகள் படத்தின் மேலேயே வலமிருந்து இடமாக ஓடும். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் எழுதினால் படமே மறைந்துவிடும். பார்த்தவர்கள் அதையும் டான்மாகு என்றார்கள். சீனாவின் பிலிபிலி அந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டது. அதே எழுத்துகள் சீன உச்சரிப்பில் டான்மு ஆகி, அங்கே அன்றாடச் சொல்லாகிவிட்டன.

பிலிபிலியில் படம் பார்க்கும்போது எழுத்துகள் பறந்து பறந்து முகங்களை மறைத்துவிட்டால், திரையின் அடியில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் அத்தனையும் ஒரே நொடியில் மறைந்து, திரை சுத்தமாகிவிடும்.