வாய் இழையப் பரிசோதனை: இறம்பொடைத் தோட்டங்களை முன்வைத்து

வாய் இழையப் பரிசோதனை என்பது வாயினுள் ஆறாமல் நிற்கும் புண், தடிப்பு, கட்டி, நிறம் மாறிய படலம் ஆகியவற்றிலிருந்து சிறு துண்டு இழையத்தை வெட்டியெடுத்து, நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து நோயை உறுதிசெய்யும் முறை. மருத்துவர்கள் இதை பயொப்சி என்பர். தோட்டத்தில் ‘சதை எடுத்துப் பார்க்கிறது’ என்றால் எல்லோருக்கும் விளங்கும். வாயில் இருப்பது புற்றுநோயா, புற்றாக மாறக்கூடிய படலமா, வெறும் உராய்வுப் புண்ணா என்பதைத் தீர்த்துச் சொல்லும் சோதனை இது ஒன்றுதான். எத்தனை அனுபவமுள்ள மருத்துவரானாலும் கண்ணால் பார்த்துச் சந்தேகிக்கலாம். முடிவு சொல்ல இழையம் வேண்டும்.

இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்று. வெற்றிலை மெல்லும் பழக்கம் வேரோடியிருக்கும் மலையகத் தோட்டங்களில் இந்த நோய் ஆண்களோடு நிற்பதில்லை. நுவரெலியா மாவட்டத்தில், கொத்மலைக்கு மேலே அருவிகளுக்கும் தேயிலை மலைகளுக்கும் நடுவே இருக்கும் இறம்பொடையிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும், கொழுந்து எடுக்கும் பெண்களின் மடியிலும் வெற்றிலைப் பை இருக்கும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கும் சேர்ந்த கூட்டு குளிருக்கு உடம்பைச் சூடாக்குகிறது, பசியைத் தள்ளிப்போடுகிறது, மழையில் நனைந்தபடி நிற்கும் வேலைக்கு ஒரு தெம்பு தருகிறது. இந்தப் பழக்கத்தைக் குறைசொல்வதற்கு முன் அந்த வேலையின் கடுமையை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் மென்றதை ஒரு பக்கக் கதுப்பில் அடக்கி மணிக்கணக்கில் வைத்திருப்பவருக்கு, நோய் பெரும்பாலும் அந்தக் கதுப்பிலேயே தொடங்குகிறது.

புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1985இல் அறிவித்தது. 2004இல் வெளியான அதன் மறுமதிப்பீடு, புகையிலை சேராத வெற்றிலையும் பாக்கு தனியாகவும் புற்றுநோய்க் காரணிகளே என்று முடிவுசெய்தது. ‘நான் பொயிலையை விட்டுட்டேன், பாக்கு மட்டும்தான்’ என்பவர் இன்னும் ஆபத்தைத் தாண்டவில்லை.

பாக்கிலுள்ள அரிகொலின் முதலிய பொருட்கள் வாய்த்தோலின் அடியில் நார் இழையத்தைப் பெருக்குகின்றன. கதுப்பு விறைத்து, காரம் எரிந்து, வாய் திறக்கும் அளவு ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வரும். ‘வாய் இறுக்கம்’ என்று சொல்லப்படும் இந்நோய் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இதிலிருந்து புற்றும் தோன்றலாம். புற்றாக மாறக்கூடிய இன்னொன்று, துடைத்தால் போகாத வெண்படலம். அதைவிடக் கவனிக்க வேண்டியது செம்படலம். வெல்வெட்டுத் துணிபோல் சிவந்து, வலியே இல்லாமல் இருக்கும்; ஆனால் இழையத்தை எடுத்துப் பார்க்கும்போது பெரும்பாலானவற்றில் புற்றோ, புற்றுக்கு நெருங்கிய மாற்றமோ இருக்கும். வெற்றிலை போடுபவர் வாயில் செம்பழுப்பாகப் படியும் கறை இவற்றிலிருந்து வேறானது. அது உரிந்தும் வரும், பழக்கத்தை விட்டால் மறையும். இந்தக் கறையின் அடியில் ஒரு படலம் ஒளிந்திருக்கலாம் என்பதால் மருத்துவர் பஞ்சுத்துணியால் துடைத்துவிட்டுப் பார்ப்பார்.

பரிசோதனை எப்போது தேவை என்பதற்கு இரண்டு வாரம் என்ற கணக்கு உதவும். கூரான பல், பொருந்தாத கட்டுப்பல், சுடுநீர் பட்ட காயம் என்று ஏதாவது காரணம் தெரிந்தால் முதலில் அதை நீக்க வேண்டும். நீக்கிய பிறகும் இரண்டு வாரத்தில் புண் ஆறாவிட்டால் இழையம் எடுத்துப் பார்ப்பதே முறை. சாதாரண வாய்ப்புண் அதற்குள் ஆறிவிடும். வெண்படலமும் செம்படலமும் கலந்து கிடப்பது, தொட்டால் அடியில் கெட்டியாக இருப்பது, காரணமின்றிப் பல் ஆடுவது, உதடோ நாக்கோ மரத்துப்போவது, பல் பிடுங்கிய குழி மூடாமல் இருப்பது, கழுத்தில் கட்டி தெரிவது ஆகியவை தென்பட்டால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. வலி இல்லாததை நல்ல அடையாளமாக எடுத்துக்கொள்வதே பலரைத் தாமதிக்க வைக்கிறது. ஆரம்பகால வாய்ப்புற்று பெரும்பாலும் வலிப்பதில்லை.

இழையம் எடுக்கச் சொன்னாலே புற்றுநோய் என்று பொருளல்ல. வரிவரியாய் வெள்ளைக் கோடிடும் லைக்கன் பிளானஸ், கொப்புளம் உடைந்து தோலுரியும் பெம்பிகஸ், காசநோய்ப் புண், பூஞ்சைத் தொற்று, உதட்டின் உட்புற உமிழ்நீர்க் கட்டி ஆகியவற்றை உறுதிசெய்யவும் இதே முறை பயன்படுகிறது. இரத்தக்குழாய்க் கட்டியாக இருக்கலாம் என்று தோன்றினால் மட்டும் உடனே வெட்டமாட்டார்கள்.

செய்முறை எளியது. பல் பிடுங்கும்போது போடும் அதே விறைப்பூசி போடப்படும். சிறிய கட்டியானால் முழுவதையும், பெரிய படலமானால் ஒரு பகுதியை மட்டும் எடுப்பார்கள். எந்தப் பகுதி என்பதில்தான் மருத்துவரின் திறமை இருக்கிறது: புண்ணின் நடுவே செத்த இழையமே இருக்கும் என்பதால் அதன் ஓரத்திலிருந்தும், படலமானால் சிவந்த அல்லது தடித்த இடத்திலிருந்தும், அடியிலுள்ள தொடுப்பிழையமும் சேரும் ஆழத்துக்கு எடுக்க வேண்டும். பிறகு ஒன்றிரண்டு தையல். பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் முடிந்து, அன்றே வீட்டுக்குப் போகலாம். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து குடிப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்; தாமாக நிறுத்தக் கூடாது. சீனி வியாதி உள்ளவர்களும் சொல்லிவிடுவது நல்லது. வீட்டில் சூடும் காரமும் ஆறும்வரை வேண்டாம். தையல் உள்ள வாயில் வெற்றிலை போடவே கூடாது.

எடுத்த துண்டு உடனே 10 சதவீத ஃபோர்மலின் கரைசலில் போடப்படுகிறது. பெம்பிகஸ் போன்ற நோயைச் சந்தேகித்தால், ஃபோர்மலினில் இடாத இன்னொரு துண்டும் வேண்டும். ஆய்வுகூடத்தில் துண்டை மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் நான்கைந்து பங்கு தடிப்பில் சீவி, சாயமேற்றிப் பார்க்கிறார்கள். மேலணிக் கலங்களின் அளவும் அடுக்கும் ஒழுங்கு குலைந்திருந்தால் அதை இலேசு, நடுத்தரம், கடுமை என்று தரப்படுத்துவர். அந்தக் கலங்கள் அடித்தள எல்லையை உடைத்துக்கொண்டு கீழே இறங்கியிருந்தால்தான் அது பரவும் புற்று. அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும். அதைக் கொடுப்பவரிடம் இது புற்றா, கலங்கள் மாறத் தொடங்கியிருக்கின்றனவா, மறுபடி எப்போது வர வேண்டும் என்று தெளிவாகக் கேட்டு வாங்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.

‘கத்தி பட்டால் பரவிடும்’ என்ற அச்சம் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் பரவலாக இருக்கிறது. ஊரில் யாரோ ஒருவர் சதை எடுத்த சில மாதங்களில் இறந்திருப்பார். சதை எடுத்ததுதான் காரணம் என்று பேச்சாகிவிடும். உண்மையில் அவர் முற்றிய நோயோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். சிறு துண்டை எடுப்பதால் வாய்ப்புற்று பரவி உயிரைப் பறிப்பதில்லை. இழையம் எடுக்காமல் கடத்தும் மாதங்களே நோயை வளர்க்கின்றன.

அச்சத்தைவிடப் பெரிய தடை போக்குவரத்தும் கூலியும். இலங்கையின் ஆரம்ப சுகாதார ஊழியர்களைக் கொண்டு நடத்தி 1984இல் வெளியிட்ட ஒரு ஆய்வு, எத்தனை பேர் போய்ச்சேராமல் நிற்கிறார்கள் என்பதை எண்ணிக்கையாகவே காட்டியது. பயிற்சி பெற்ற 34 ஊழியர்கள் ஓராண்டில் 28,295 கிராமத்தவரின் வாயைப் பரிசோதித்து, சந்தேகத்துக்குரிய 1,220 பேரை மேல் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். போனவர்கள் 660 பேர் மட்டுமே. போனவர்களில் பெரும்பாலானோரிடம் ஊழியர்கள் கண்டது சரியாகவே இருந்தது. கண்டுபிடிப்பதில் அல்ல, போய்ச்சேர்வதில்தான் சங்கிலி அறுந்தது.

இறம்பொடைக்காரருக்கு வழி தெரியாததல்ல. ஊரைக் கடந்து நுவரெலியாவுக்கு ஏறும் ஏ-5 நெடுஞ்சாலை பேராதனையில்தான் தொடங்குகிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பல்வைத்தியப் பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் அங்கேதான் இருக்கின்றன. நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை மேலே அதே பாதையில். அரச வைத்தியசாலைகளில் இந்தப் பரிசோதனைக்குக் காசு இல்லை. ஆனால் புசல்லாவை, கம்பளை வழியாக பஸ்ஸில் இறங்கிப்போக ஒரு நாள், அறிக்கை வாங்க இன்னொரு நாள். இரண்டு நாளும் பேர் விழாது; அதாவது அன்றைய கூலி இல்லை. துணைக்கு வருபவருக்கும் விழாது. மருத்துவச் சீட்டோடு போகிறவரின் நாட்கூலியை வெட்டாதிருப்பது தோட்ட நிர்வாகம் செய்யக்கூடிய காரியம். அறிக்கை வந்ததைத் தோட்ட மருந்துக்காரருக்கோ குடும்பநல உத்தியோகத்தருக்கோ தெரிவிக்கும் ஏற்பாடும் பெரிய செலவு பிடிப்பதல்ல.

ஊழியர்கள் வாயைப் பரிசோதித்துத் தேடிப் பார்ப்பதால் உயிர் பிழைக்குமா என்பதற்குத் திருவனந்தபுரத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வு பதில் தந்தது. 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயைச் சுகாதார ஊழியர்கள் குறித்த இடைவெளியில் பார்த்து, சந்தேகமுள்ளவர்களை மருத்துவர்களிடம் அனுப்பினார்கள். புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரிடையே வாய்ப்புற்று மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததென்று 2005இல் முடிவு வெளியானது.

அறிக்கையில் ‘புற்று இல்லை’ என்று வந்தாலும் படலம் அப்படியே இருந்தால் கிளினிக்குக்குத் தொடர்ந்து போக வேண்டும். எடுத்த துண்டு அந்த இடத்தைப் பற்றி மட்டுமே பேசும். பக்கத்துத் துண்டில் வேறு செய்தி இருக்கலாம். கடுமையான மாற்றம் கண்டால் பெரும்பாலும் படலத்தையே வெட்டி எடுத்துவிடுவார்கள். இலேசானதைச் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்ப்பார்கள். வாய் இறுக்கம் உள்ளவரிடம், வெட்டிய இடம் தழும்பாகி வாய் மேலும் இறுகலாம் என்பதால், புதிதாகப் புண்ணோ படலமோ கட்டியோ தோன்றினால் மட்டுமே அந்த இடத்தில் இழையம் எடுப்பார்கள். புண்ணின் தோற்றமும் அறிக்கையும் ஒத்துப்போகாதபோது, இரண்டாம் முறை இழையம் எடுக்கச் சொல்வது முதல் மருத்துவரின் தவறென்று ஆகாது.