எம்டன் மூழ்கடித்த கண்காட்சியும் அர்பன் டிசைன் மாஸ்டர்ஸும்

ஆர்க்கிடெக்சர் முடிக்கப் போறவங்ககிட்ட இருந்து அடிக்கடி வர்ற கேள்வி இது: "அர்பன் டிசைன்ல மாஸ்டர்ஸ் பண்ணலாமா? டவுன் பிளானிங்கும் அதுவும் ஒண்ணுதானே?" ஒண்ணு இல்லை. ஆனா ஏன் இல்லைங்கிறதை சிலபஸை வச்சு விளக்கினா பத்து நிமிஷத்துல தூங்கிடுவீங்க. அதனால இந்தப் படிப்பு எப்படிப் பிறந்துச்சுங்கிற கதையைச் சொல்றேன். அதுல ஒரு சோப்புக் கம்பெனி வருது, ஒரு ஜெர்மன் போர்க்கப்பல் வருது, தஞ்சாவூர் வருது, நியூயார்க் மளிகைக் கடைகளும் வருது.

முதல்ல, அர்பன் டிசைன்னா என்ன? என்னை மாதிரி ஐடிக்காரங்களுக்குப் புரியிற மொழியில சொல்றேன். ஒவ்வொரு மாட்யூலும் யூனிட் டெஸ்ட் பாஸ் ஆயிடும். எல்லாத்தையும் சேர்த்து ஓட்டினா சிஸ்டம் படுத்துடும். நம்ம தெருக்களும் அப்படித்தான். கட்டடத்துக்கு அப்ரூவல் இருக்கு, மேம்பாலம் ஸ்பெக் படி இருக்கு, மெட்ரோ ஸ்டேஷன் பளபளன்னு இருக்கு. ஆனா ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து எதிர்ப்பக்கம் இருக்கிற பஸ் ஸ்டாப்புக்கு ஒரு பாட்டியால நடந்து போக முடியாது. கட்டடத்தை ஆர்க்கிடெக்ட் பார்த்துக்கிறார். எந்த நிலம் வீட்டுக்கு, எது தொழிற்சாலைக்குன்னு பிளானர் பார்த்துக்கிறார். நடுவுல இருக்கிற தெரு, நடைபாதை, முச்சந்தி, கடை வாசல், மர நிழல் எல்லாம் யார் பொறுப்பு? அந்தக் கேள்விக்காக உருவானதுதான் அர்பன் டிசைன்.

சோப்புக் காசு

1906ல பிரிட்டன்ல சன்லைட் சோப் முதலாளி வில்லியம் லீவர் மேல பத்திரிகைகள் பாய்ஞ்சன. போட்டிக் கம்பெனிகளைச் சேர்த்துக்கிட்டு விலையைக் கையில எடுக்கப் பார்க்கிறார், சோப்போட எடையைக் குறைச்சுட்டார்னு எழுதினாங்க. லீவர் அவதூறு வழக்குப் போட்டார், 1907ல ஜெயிச்சார். டெய்லி மெயில் பத்திரிகை மட்டும் 50,000 பவுண்டு கொடுக்க வேண்டி வந்தது. நம்ம வீட்டுல துணி துவைச்ச அதே சன்லைட்தான். ஏற்கெனவே தன் தொழிலாளர்களுக்காக போர்ட் சன்லைட்னு ஒரு ஊரையே கட்டினவர் அவர். வழக்குல வந்த காசுல ஒரு பெரிய பங்கை லிவர்பூல் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். 1909ல அங்கே சிவிக் டிசைன்னு ஒரு துறை தொடங்கினாங்க. நகரத்தைத் திட்டமிடுறதை ஒரு பல்கலைக்கழகப் பாடமா சொல்லிக் கொடுத்த முதல் இடங்கள்ல அது ஒண்ணு.

அந்தக் காலத்துல நகரத்தை அழகாக்குறதுன்னா அகலமான நேர்ச்சாலை, பெரிய சதுக்கம், வரிசையா தூண் வச்ச கட்டடங்கள். வரைபடத்துல பார்க்க கம்பீரமா இருக்கும். அந்தக் கோடு போற வழியில யார் வீடு இருக்குங்கிறது வரைபடத்துல தெரியாது.

எம்டன்

இந்த நேர்க்கோட்டு மயக்கத்தைக் கேள்வி கேட்டவர் பேட்ரிக் கெடிஸ். ஸ்காட்லாந்துக்காரர், 1854ல பிறந்தவர். அடிப்படையில உயிரியல் ஆள். 1879ல மெக்சிகோ போயிருந்தப்போ கொஞ்ச காலம் பார்வை போச்சு. அதுக்கப்புறம் மைக்ரோஸ்கோப் வேலை கஷ்டமாச்சு. செடியும் பூச்சியும் தன் சூழலோட எப்படி ஒட்டி வாழுதுன்னு பார்த்த அதே கண்ணோட மனுஷங்களையும் ஊரையும் பார்க்க ஆரம்பிச்சார். எடின்பரோவில இடிஞ்சு போன பழைய குடியிருப்புக்கே குடும்பத்தோட குடிபோய், ஒவ்வொரு வீடா சரிசெஞ்சவர். தாவரவியல் பேராசிரியரா இருந்தார், ஆனா தன் பேருக்குப் பின்னாடி போட்டுக்க அவர்கிட்ட ஒரு பட்டம்கூட இல்லை.

நகரங்கள் பத்தி அவர் பல வருஷமா சேர்த்த வரைபடங்கள், படங்கள் எல்லாம் ஒரு பெரிய கண்காட்சியா ஊர் ஊராப் போச்சு. 1913ல பெல்ஜியத்துல கென்ட் நகரத்துல பரிசும் வாங்குச்சு. அடுத்த வருஷம் சென்னை மாகாண கவர்னர் பென்ட்லாண்ட் பிரபு கூப்பிட, கெடிஸ் இந்தியாவுக்குக் கிளம்பினார். அவர் ஒரு கப்பல், கண்காட்சி இன்னொரு கப்பல். அந்த இன்னொரு கப்பல் பேர் கிளான் கிராண்ட்.

1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்துல குண்டு போட்டு எண்ணெய் டேங்குகளை எரிச்ச எம்டன் கதை உங்களுக்குத் தெரியும். உயர் நீதிமன்ற மதில்ல கல்வெட்டு இருக்கு. "அவன் சரியான எம்டன்டா"ன்னு இன்னைக்கும் ஊர்ல சொல்றாங்க. அந்த எம்டன் சென்னையைத் தாக்கிட்டுப் போய், அக்டோபர் 16ஆம் தேதி மினிக்காய் பக்கம் ஒரு சரக்குக் கப்பலை மூழ்கடிச்சது. அதுதான் கிளான் கிராண்ட். கெடிஸோட பல வருஷ உழைப்பு மொத்தமும் கடலுக்கு அடியில. பேக்கப் இல்லை.

இந்த இடத்துல நாமளா இருந்தா ஊருக்குத் திரும்பியிருப்போம். கெடிஸ் திரும்பலை. பிரிட்டன்ல இருந்த நண்பர்கள் அவசர அவசரமா புது வரைபடங்களைச் சேர்த்து அனுப்பினாங்க. 1915 ஜனவரியில சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸ்ல கண்காட்சி நடந்தது. அப்புறம் மாகாணத்து ஊர்கள் ஒவ்வொண்ணா நடந்து பார்த்து அறிக்கை எழுத ஆரம்பிச்சார்.

தஞ்சாவூர்ல ஒரு சின்ன ஆபரேஷன்

அப்போ நகராட்சிகளோட கவலை சுகாதாரம். ஜன நெருக்கடி, சாக்கடை, நோய். அதுக்கு இன்ஜினியர்கள் சொன்ன தீர்வு, நெரிசலான பகுதிக்குள்ள நேர்நேரா அகலச் சாலை போடுறது. தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதிக்கும் அப்படி ஒரு கட்டம் கட்டமான திட்டம் இருந்தது. கெடிஸ் அந்தச் சந்துகள்ல நடந்தார். எந்த வீடு நல்லா இருக்கு, எது ஏற்கெனவே பாழடைஞ்சு கிடக்கு, எங்கே மரம், எங்கே சின்னக் கோயில்னு குறிச்சார். பாழடைஞ்சதை மட்டும் எடுத்துட்டா அங்கங்கே வெளி கிடைக்கும். அந்த வெளிகளை இருக்கிற சந்துகளோட இணைச்சா காத்தும் வெளிச்சமும் வரும். பெரும்பாலான வீடுகள் தப்பிக்கும், செலவும் குறையும். இதுக்கு அவர் வச்ச பேரைத் தமிழ்ல சொன்னா, "பாதுகாக்கும் அறுவை சிகிச்சை". காலை வெட்டி எடுக்குறதுக்குப் பதிலா, கெட்டுப்போன சதையை மட்டும் எடுக்குற வேலை.

இதுல ஒரு கணக்கும் இருந்தது. நெரிசலைக் குறைக்கிறேன்னு நூறு வீட்டை இடிச்சா அந்த நூறு குடும்பமும் காணாமப் போயிடாது. பக்கத்துத் தெருவுல போய் நெருக்கியடிச்சு வாழும். நெரிசல் குறையலை, இடம் மாறிடுச்சு. இன்னைக்கு ஆற்றங்கரையில இருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட ஒரு குடும்பத்துகிட்ட பேசினா, நூறு வருஷத்துக்கு முன்னாடி சொன்ன இந்த வாதம் பழசாகவே இல்லைன்னு தெரியும். வீடு கிடைச்சிருக்கும். வேலையும் பள்ளிக்கூடமும் இருபது கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும்.

1917ல மனைவி அன்னா இறந்துட்டாங்க. மகன் அலஸ்டேர் அதே வருஷம் போர்ல இறந்துட்டார். கெடிஸ் வேலையை நிறுத்தலை. 1919ல பம்பாய்ப் பல்கலைக்கழகத்துல சமூகவியல், குடிமையியல் துறைக்கு முதல் தலைவரானார். 1932ல பிரான்ஸ்ல இறந்தார். அவரோட இந்திய அறிக்கைகள் நகராட்சி அலமாரிகள்ல தூங்கின.

கை மாறிய அறிக்கைகள்

அதைத் தூசி தட்டி எடுத்தவர் ஜாக்குலின் டிரிட். 1905ல தென்னாப்பிரிக்காவுல பிறந்தவங்க. தோட்டக்கலையில ஆரம்பிச்சு, அப்புறம் நகரத் திட்டமிடலுக்கு வந்தவங்க. இரண்டாம் உலகப் போர்க் காலத்துல, போர் முடிஞ்சதும் நாட்டைத் திரும்பக் கட்ட ஆள் வேணுமேன்னு, ராணுவத்துல இருந்தவங்களுக்குத் தபால் வழியா திட்டமிடல் பாடம் நடத்தினவங்க. கெடிஸோட இந்திய அறிக்கைகள்ல இருந்து பகுதிகளைத் தொகுத்து, 1947ல ஒரு புத்தகமா வெளியிட்டாங்க. முன்னுரை எழுதினது லூயிஸ் மம்ஃபோர்ட், அமெரிக்க எழுத்தாளர். தன் மகனுக்கே கெடிஸ்னு பேர் வச்சவர்.

1955ல டிரிட் ஹார்வர்டுக்குப் பாடம் நடத்தப் போனாங்க. அங்கே டிசைன் பள்ளியோட டீன், ஸ்பெயின்ல இருந்து வந்த ஹோசே லூயிஸ் செர்ட். அவருக்கு ஒரு குறை இருந்தது. ஆர்க்கிடெக்ட், லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட், பிளானர் மூணு பேரும் ஒரே கட்டடத்துல படிக்கிறாங்க, ஆனா ஒருத்தரோட ஒருத்தர் பேசுறதில்லை. 1956 ஏப்ரல் 9, 10 தேதிகள்ல அவர் ஒரு மாநாடு கூட்டினார். அர்பன் டிசைன்ங்கிற பேர் ஒரு தனித் துறையோட பேரா நிலைச்சது அங்கேதான். ஏற்பாட்டுல டிரிட் பக்கபலம். மம்ஃபோர்ட் வந்திருந்தார். பிட்ஸ்பர்க் மேயர் வந்திருந்தார். ஷாப்பிங் மால் புகழ் விக்டர் க்ரூயனும் வந்திருந்தார்.

ஒரு பத்திரிகை ஆசிரியரால வர முடியலை. தனக்குப் பதிலா ஆபீஸ்ல இருந்து ஒரு பெண்ணை அனுப்பினார். பேர் ஜேன் ஜேக்கப்ஸ். ஆர்க்கிடெக்ட் இல்லை, பிளானர் இல்லை, கல்லூரிப் பட்டமும் இல்லை. அவங்க பேசினது கிழக்கு ஹார்லெம் பகுதியைப் பத்தி. பழைய தெருக்களை இடிச்சு, உயரமான அரசுக் குடியிருப்புகளைக் கட்டினதுல ஆயிரத்துக்கும் மேல கடைகள் காணாமப் போயிருந்தன. மளிகைக் கடைன்னா சாமான் வாங்குற இடம் மட்டும் இல்லை. சாவியைக் கொடுத்துட்டுப் போற இடம், வேலை இருக்கான்னு விசாரிக்கிற இடம், யார் வீட்டுல உடம்பு சரியில்லைன்னு தெரிஞ்சுக்கிற இடம். காலியா இருக்கிற கடைகூட ஒரு சங்கமாகவோ சின்னப் பிரார்த்தனைக் கூடமாகவோ மாறிடும். பிளான்ல வீட்டுக்குப் பதில் வீடு இருந்தது, ஆனா இது எதுக்கும் இடம் இல்லை. நம்ம தெருமுனை அண்ணாச்சி கடையை நினைச்சுப் பாருங்க, அப்படியே பொருந்தும். ஐந்து வருஷம் கழிச்சு, 1961ல வந்த அவங்க புத்தகம், தெருவைப் பார்க்கிற பார்வையையே மாத்துச்சு.

1960ல ஹார்வர்டு அர்பன் டிசைன் முதுநிலைப் படிப்பைத் தொடங்குச்சு. அதே வருஷம் எம்ஐடியில கெவின் லிஞ்சோட ஆய்வு புத்தகமா வந்தது. பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலிஸ் மூணு ஊர் மக்கள்கிட்டயும் உங்க ஊரை வரைஞ்சு காட்டுங்கன்னு கேட்டார். மனசுல இருக்கிற ஊருக்கு ஐந்து உறுப்புகள்னு கண்டார்: பாதை, விளிம்பு, வட்டாரம், சந்திப்பு, அடையாளம். சென்னைக்குச் சொன்னா மவுண்ட் ரோடு பாதை, கடற்கரை விளிம்பு, மயிலாப்பூர் வட்டாரம், பனகல் பார்க் சந்திப்பு, எல்ஐசி கட்டடம் அடையாளம். இன்னைக்கும் அர்பன் டிசைன் மாணவங்க ஆரம்பத்துலயே செய்யற பயிற்சிகள்ல இது ஒண்ணு.

இங்கே வந்தப்போ

டெல்லியில ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர் 1960களின் கடைசியில இந்தப் படிப்பைக் கொண்டு வந்தது. அகமதாபாத் செப்ட் உட்பட இன்னும் சில இடங்கள்லயும் இப்போ இருக்கு. இரண்டு வருஷம், நாலு செமஸ்டர், கடைசியில ஒரு தீசிஸ். படிப்போட உயிர் ஸ்டுடியோ. ஒரு மார்க்கெட் பகுதியைக் கொடுப்பாங்க. காலையில எத்தனை பேர் நடக்கிறாங்க, சாயங்காலம் யார் எங்கே உட்கார்றாங்க, பூக்காரம்மா ஏன் அந்த மூலையை மட்டும் தேர்ந்தெடுத்தாங்கன்னு எண்ணி, வரைஞ்சு, அதுக்கப்புறம்தான் டிசைன். தஞ்சாவூர்ல கெடிஸ் நடந்த அதே நடை.

ஆனா ஒரு முரண் இருக்கு. இந்தப் படிப்புல சேர நம்ம நாட்டுல பெரும்பாலும் பி.ஆர்க் கேட்பாங்க. கெடிஸ்கிட்ட பட்டம் இல்லை. மம்ஃபோர்ட் முடிக்கலை. ஜேக்கப்ஸ்கிட்ட இல்லை. இந்தத் துறையோட அடிப்படைப் பாடங்களை எழுதின மூணு பேருக்கும் இன்னைக்கு அந்த அட்மிஷன் ஃபார்மையே நிரப்ப முடியாது.

அப்போ பட்டம் வேண்டாமா? நான் அப்படிச் சொல்லலை. பாண்டி பஜார்ல 2019ல நடைபாதை அகலமாச்சுன்னா, அதுக்குப் பின்னாடி வடிகால் எங்கே, மின்சாரக் கேபிள் எங்கே, பார்க்கிங் எங்கே, கடைக்காரர் ஒத்துக்குவாரான்னு உட்கார்ந்து வரைஞ்சவங்க இருக்காங்க. பார்க்கத் தெரிஞ்சா மட்டும் போதாது, அதை டெண்டர் டிராயிங்கா மாத்தவும் தெரியணும். அந்த இரண்டாவது திறமைக்குப் படிப்பு வேணும். முதல் திறமைக்குச் செருப்பு இருந்தாப் போதும்.

அதனால ஒரு காலேஜைத் தேர்ந்தெடுக்கும்போது ரேங்க்கோட இதையும் கேளுங்க: ஸ்டுடியோல ஃபீல்டுக்கு எத்தனை நாள் அனுப்புறீங்க? அந்தத் தெருவுல இருக்கிறவங்க ஜூரியில வந்து உட்கார்றாங்களா? இதுக்கு உருப்படியா பதில் சொல்ற இடத்துல சேர்ந்தா இரண்டு வருஷம் வீணாகாது. பி.ஆர்க் இல்லாதவங்களுக்கு எம்.பிளான் மாதிரி வேற வழிகள் இருக்கு, சிவில் படிச்சவங்க விசாரிச்சுப் பாருங்க. என்னை மாதிரி கோடு எழுதுறவங்க, குறைஞ்சது அடுத்த வார்டு கூட்டத்துலயாவது போய் உட்காருவோம். அங்கே யாரும் மார்க்ஷீட் கேட்க மாட்டாங்க.

உங்க தெருவுல அந்த ஐந்து உறுப்புகளும் எங்கே எங்கே இருக்குன்னு ஒரு பேப்பர்ல வரைஞ்சு அனுப்புங்க. நல்லா வரணும்னு இல்லை. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.