பாரசீகப் பஞ்சாங்கமும் குடியானவன் வரியும்

பஞ்சாங்கம் என்றதும் நல்ல நாள் பார்க்கும் ஏடு என்றெண்ணி அமைவோர் பலர். பாரசீகத்திலே ‘தக்வீம்’ என வழங்கிய ஆண்டுப் பஞ்சாங்கத்தின் வரலாற்றை ஆராயின், குடியானவனின் வயலும் அரசனின் திறைசேரியும் அதன் பின்னே நிற்றலைக் காணலாம்.

பாரசீகரின் பழைய ஆண்டு 30 நாள் கொண்ட 12 மாதங்களும், எஞ்சிய 5 நாட்களுமாக 365 நாட்களையுடையது. சூரிய ஆண்டிற்கோ இதன்மேல் ஏறக்குறையக் கால் நாள் வேண்டும். அதனைக் கணக்கிற் சேர்க்காமையால், ஆண்டுப்பிறப்பாகிய நௌரூஸ் நான்காண்டிற்கு ஒரு நாளாக முன்னே நகர்ந்தது. 120 ஆண்டில் ஒரு மாதம் பிழைத்தது. இசுலாமிய ஆட்சியிற் சமயக் கருமங்களுக்குச் சந்திர ஆண்டு வழங்கிற்று. அது சூரிய ஆண்டினும் 11 நாள் குறைந்தது, அறுவடையோடு ஒவ்வாதது. ஆதலின், நிலவரி தண்டுதற்குப் பாரசீக ஆண்டே நிலைபெற்றது.

இதனால் விளைந்த இடரை அல்பிரூனி, கி. பி. 1000 அளவில் இயற்றிய தமது நூலிலே விளக்குகின்றார். வேட்டைக்குச் சென்ற கலீபா முதவக்கில், பயிர் இன்னும் பச்சையாய் நிற்கக் கண்டார். வரி கேட்கும் காலமோ வந்துவிட்டது. குடிகள் எதனை விற்றுச் செலுத்துவர்? கடன்பட்டும் ஊரைவிட்டு அகன்றும் அவர்கள் அலமந்தனர் என அறிந்த கலீபா, திருத்தம் செய்யக் கருதினார்; 861இல் அவர் கொலையுண்டமையால் அது நிறைவேறவில்லை. 895இல் முஃததித் என்னும் கலீபாவே வரிக்குரிய நௌரூஸை 60 நாள் தள்ளி யூன் 11இல் நிறுத்தினார். ஒரு நாட்கணக்கின் பிழை எத்தனை குடும்பங்களைச் சிதைத்திருக்கும்!

செல்யூக்க மன்னன் மலிக் ஷா இதனினும் ஆழமாகச் சென்றான். அவன் கூட்டிய கணிதர் குழுவிலே, கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் தமிழாக்கத்தால் நாம் அறிந்த உமார் கய்யாமும் இருந்தார். அப்போது நௌரூஸ் உரிய நாளுக்கு 18 நாள் முந்தியிருந்தது. 1079 மார்ச் 15 முதலாகச் சூரியன் மேடராசி புகும் நாளே ஆண்டுப்பிறப்பு என வகுக்கப்பட்டது. மன்னனின் விருதுப் பெயரால் இது ஜலாலி ஆண்டு எனப்பட்டது. கய்யாமின் பாடல்களைப் போற்றுவோர் இக்கணக்கையும் நினைத்தல் தகும்.

எனினும் பழைய கணக்குகள் ஒழிந்தில. தக்வீமின் பக்கத்திற் கட்டங்கள் வரைந்து, கிழமையை அடுத்துப் பல வகை ஆண்டுகளின் தேதிகளையும், அவற்றின் பக்கத்திலே ஞாயிறு, திங்கள், ஐங்கோள்கள் ஆகியவற்றின் நிலைகளையும் நிரைப்படுத்தினர். எண்களுக்குப் பதில் அரபு எழுத்துக்களே நின்றன. மங்கோலியர் வந்தபின் எலி, மாடு, முயல் முதலிய பன்னிரு விலங்காண்டுகளும் புகுந்தன. 1925ஆம் ஆண்டுச் சட்டமே அவற்றை நீக்கிற்று.

இத்தகைய ஏட்டை வாசித்தறிதல் எளிதன்று. அதனாலேயே மராகா வானாய்வுகூடத்தை நடத்திய நாசிருத்தீன் தூசி, அதற்கென 30 அத்தியாயங்களில் ஒரு பாரசீகக் கைந்நூல் எழுதினார். அந்நூலுக்குக் கையெழுத்துப் பிரதிகள் பல உள. அது விளக்க வந்த பஞ்சாங்கங்களோ ஆண்டு முடிந்ததும் பயனற்ற தாள்களாகி, பெரும்பாலும் அழிந்தன.